நீலகிரியில் நாயோடு குடும்பப் படம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குன்னூர், கோத்தகிரி சுற்றுவட்டாரத்தில் நாய் வளர்க்கும் குடும்பங்களை வெளியில் வைத்துப் படம் எடுப்பது என் தொழில். போனில் பேசுகிறவர்கள் திரும்பத் திரும்ப ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். அவர்கள் கேட்ட வார்த்தையிலேயே கேள்விகளை வைத்துப் பதில் எழுதியிருக்கிறேன். தாங்களே எடுத்துக்கொள்கிறவர்களுக்கும் பயன்பட வேண்டும் என்பதால் கேமரா விஷயங்களையும் சேர்த்திருக்கிறேன்.

அக்கா, எந்த மாசம் வந்தா படம் நல்லா வரும்?

எந்த மாதமும் எடுக்கலாம். எந்தப் பக்கம் போவது என்பதுதான் மாதத்துக்கு மாதம் மாறும். நீலகிரிக்கு நடுவே தொட்டபெட்டா மலைத்தொடர் நிற்கிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை கூடலூர், அவலாஞ்சி, ஊட்டிப் பக்கம் கொட்டித் தீர்க்கும். அதே நாட்களில் கோத்தகிரியில் பல நேரம் மேகமூட்டமும் தூறலும்தான். அக்டோபர் பாதியிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழைக்கு இது அப்படியே தலைகீழ்: குன்னூரும் கோத்தகிரியும் நனையும், மேட்டுப்பாளையம் சாலையில் மண் சரியும். அந்த மாதங்களில் நாயையும் குழந்தைகளையும் ஏற்றிக்கொண்டு மலையேறும் முன் சாலை நிலவரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஜனவரி, பிப்ரவரியில் வானம் தெளிவாக இருக்கும். வெயிலும் சாய்வாக விழுவதால் காலை பத்து மணி வரைகூட முகத்தில் நல்ல வெளிச்சம் கிடைக்கும். ஏப்ரல், மே சீசனில் ஜக்கராண்டா மரங்கள் ஊதாவாகப் பூத்து நிற்கும். கூடவே கூட்டமும் நிற்கும். மலர்க் கண்காட்சி நாட்களில் ஊட்டிக்குள் வண்டி நகராது, நாய் காருக்குள் தவித்துப்போகும். போதாததற்கு ஏப்ரல் 20-ஐ ஒட்டி நண்பகல் சூரியன் நமக்கு நேர் தலைக்கு மேல் வந்துவிடும். எல்லார் கண்ணுக்குக் கீழும் கருநிழல் விழும். என்னைக் கேட்டால் செப்டம்பர் கடைசி. புல் பச்சையாக இருக்கும், காற்றில் தூசி இருக்காது, செகண்ட் சீசன் கூட்டமும் மே மாதம் அளவுக்கு வராது.

சூரியன் உதிக்கிறப்பவே வந்துடறோம், அதுதானே பெஸ்ட் லைட்?

வெளிச்சத்தை மட்டும் பார்த்தால் ஆமாம். ஆனால் அந்த நேரத்துக்கு நான் வர மாட்டேன். விடியலும் அந்தியும் சிறுத்தை நடமாடும் நேரம். குன்னூர், கோத்தகிரியில் வீட்டு வாசலில் கட்டியிருந்த நாயைச் சிறுத்தை தூக்கிப்போனது எத்தனையோ தடவை செய்தியில் வந்திருக்கிறது. சிறுத்தைக்கு நாய் சுலபமான இரை. நாம் தேடிப்போகும் தேயிலைச் சரிவு, சோலை ஓரம், பாறைத் திட்டு எல்லாமே அது பதுங்கக்கூடிய இடங்கள். கரடியும் அந்த நேரத்தில்தான் தோட்டங்களைக் கடந்து திரும்பும்.

காட்டெருமையோ பகலிலும் நிற்கும். ஏறக்குறைய ஆயிரம் கிலோ வரை எடை வரும் மிருகம், தேயிலை வரிசைக்குள் படுத்திருந்தால் முதுகுகூடத் தெரியாது. மனிதர்கள் விலகிப் போனால் பெரும்பாலும் அதுவும் விலகிவிடும். நாய் இருந்தால் கதை வேறு. நாய் குரைத்துக்கொண்டு ஓடும், காட்டெருமை திரும்பித் துரத்தும், நாய் பயந்து நேராக உங்களிடம்தான் ஓடி வரும், பின்னாலேயே அதுவும் வரும். இதை மனதில் வைத்துத்தான் இடமும் நேரமும் குறிக்கிறேன்.

அதனால் காலை எட்டு மணிக்குத் தொடங்கிப் பத்துக்குள் முடிப்பது, மாலையில் நாலரைக்குத் தொடங்கி ஐந்தரைக்கெல்லாம் வண்டியில் ஏறிவிடுவது என்பது என் வழக்கம். பொன் வெளிச்சம் கொஞ்சம் குறையும், பரவாயில்லை. கிழக்கே மலை மறைக்கும் பள்ளத்தாக்குகளில் வெயில் தாமதமாகத்தான் இறங்கும். கேத்திப் பள்ளத்தாக்கு மாதிரி இடங்களில் எட்டு மணிக்கும் இளவெயில் இருக்கும் மூலைகள் உண்டு. முதல் நாள் அதே நேரத்துக்குப் போய் ஒரு தடவை பார்த்துவிட்டு வாருங்கள்.

படம் எடுக்கிறப்ப பெல்ட், செயின் எல்லாம் அசிங்கமா தெரியுமே. அவுத்து விட்டுடலாமா?

வேண்டாம். காரணம் மேலே காட்டெருமை பற்றிச் சொன்னதுதான். சுற்றுச்சுவரும் கேட்டும் உள்ள வளாகத்துக்குள் மட்டும் அவிழ்க்கலாம்.

இரும்புச் செயினுக்குப் பதில் மெல்லிய துணி லீஷ் கொண்டுவாருங்கள். வீட்டில் ஒருவர் அதைத் தளர்வாகப் பிடித்துக்கொள்ளட்டும். புல்லின் மேல் கிடக்கும் லீஷைப் பின்னால் அழிப்பது சுலபம். ரோமத்தின் மேலோ ஒருவர் கைக்குக் குறுக்கேயோ போனால்தான் கஷ்டம். லீஷ் நாயின் பின்பக்கமாக இறங்கும்படி பார்த்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. கொஞ்சம் தெரிந்தால்தான் என்ன? தினமும் உங்கள் வீட்டு நாய் அந்த லீஷோடுதானே நடக்கிறது.

மொபைல் போதுமா, கேமரா வாங்கணுமா?

நாய் உட்கார்ந்திருக்கும் படத்துக்கு மொபைல் தாராளமாகப் போதும். லென்ஸை வேட்டி நுனியிலாவது துடைத்துவிட்டு, நாயின் கண் மட்டத்துக்கு இறங்கி எடுங்கள். போர்ட்ரெய்ட் மோடை அணைத்துவிடுங்கள். அது காது ஓரத்து ரோமத்தையும் மீசையையும் வெட்டிவிடும். ஓடும் நாய்க்கு, படபடவென்று தொடர்ந்து எடுக்கும் பர்ஸ்ட் மோடில் பத்துப் பதினைந்து எடுத்தால் ஒன்று தேறும்.

கேமரா இருந்தால், இப்போது வரும் பல மாடல்களில் விலங்குகளின் கண்ணைத் தேடிப் பிடிக்கும் ஃபோகஸ் இருக்கிறது. மெனுவில் மனிதர் என்றிருப்பதை விலங்கு என்று மாற்ற மறக்காதீர்கள். ஷட்டர் வேகம் நடக்கும் நாய்க்கு 1/500 நொடி, உங்களை நோக்கி ஓடிவரும் நாய்க்கு 1/1000-க்கு மேல். ஃபிளாஷ் மட்டும் எதிலும் வேண்டாம். நாயின் கண்ணுக்குப் பின்னால் ஒளியைத் திருப்பியனுப்பும் ஒரு படலம் இருக்கிறது. அதில் பட்டால் கண் பச்சையாக எரியும்.

எங்க லாப்ரடார் கறுப்பு. எப்ப எடுத்தாலும் முகமே தெரியல, ஒரு கறுப்புப் பொட்டலமாத்தான் வருது

பின்னால் வானமோ மூடுபனியோ இருந்தால் கேமரா அந்த வெளிச்சத்துக்குத் தன்னைச் சரிசெய்துகொள்ளும், நாய் இருண்டுபோகும். வானத்தை ஃப்ரேமிலிருந்து தள்ளிவிட்டு, தேயிலைச் சரிவையோ மரங்களையோ பின்னால் வையுங்கள். நாயை நிழலில் உட்காரவைத்து, முகம் மட்டும் திறந்த வானத்தைப் பார்க்கும்படி திருப்புங்கள். வீட்டு வராந்தாவின் விளிம்பு இதற்கு அருமையான இடம். கண்ணில் வெள்ளையாக ஒரு புள்ளி தெரிகிறதா என்று பாருங்கள். அது வந்துவிட்டால் கறுப்பு நாய்க்கு உயிர் வந்துவிடும். கொஞ்சம் பக்கவாட்டிலிருந்து வெளிச்சம் விழுந்தால் ரோமத்தின் பளபளப்பும் கிடைக்கும்.

வெள்ளை ராஜபாளையத்துக்கு எதிர்ப் பிரச்சினை. கரும்பச்சைத் தேயிலைக்கு முன்னால் நிற்கவைத்தால் கேமரா தேயிலையைப் பார்த்து வெளிச்சத்தைக் கூட்டிவிடும். நாயின் முதுகு சுண்ணாம்புச் சுவராகிவிடும். எக்ஸ்போஷரை முக்கால் ஸ்டாப் குறைத்து (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதியாகும் அல்லது இரட்டிப்பாகும்), மேகம் மூடிய நேரத்தில் எடுங்கள். இளஞ்சிவப்பு மூக்கும் காது உட்புறமும் அப்போதுதான் அழகாகத் தெரியும்.

மிஸ்ட் வந்தா ஷூட் கேன்சலா?

இல்லவே இல்லை. நாயும் குடும்பமும் சேர்ந்த படத்துக்கு மூடுபனி எனக்கு வெயிலைவிடப் பிடிக்கும். பின்னால் இருக்கும் கட்டடம், மின்கம்பி, நிறுத்திய வண்டிகள் எல்லாம் மறைந்துவிடும். நாலு பேரும் நாயும் மட்டும் மிஞ்சுவார்கள். யாருக்கும் கண் கூசாது.

படம் சாம்பலாக வருவதற்குக் காரணம், வெள்ளைப் பனியையும் கேமரா சாம்பலாக்கப் பார்ப்பதுதான். ஒரு ஸ்டாப் வரை வெளிச்சத்தைக் கூட்டுங்கள். கிட்டப் போய் எடுங்கள். இருபதடி தள்ளி நின்றால் உங்களுக்கும் நாய்க்கும் நடுவே இருக்கும் பனியே நிறத்தைக் குடித்துவிடும். ஹீட்டர் போட்ட காருக்குள்ளிருந்தோ, சமையலறையிலிருந்தோ கேமராவைச் சட்டென்று குளிருக்குக் கொண்டுவந்து, திரும்பவும் சூட்டுக்குக் கொண்டுபோனால் லென்ஸில் ஆவி படியும். வீட்டுக்குள் வந்ததும் பையைத் திறக்காமல் ஒரு மணி நேரம் வைத்துவிடுங்கள்.

உறைபனியில நாய் ஓடற மாதிரி ஒரு படம் வேணும்

ஊட்டியில் நவம்பரில் நீர்ப்பனி தொடங்கி, டிசம்பர், ஜனவரியில் உறைபனியாக மாறும். குளிர்ந்த காற்று கனமானது, பள்ளத்தில் போய்த் தங்கும். அதனால்தான் தலைகுந்தா, காந்தல், குதிரைப்பந்தய மைதானம் போன்ற தாழ்வான இடங்களில் புல் வெள்ளையாகிறது, மேட்டில் இருக்கும் வீட்டு வாசலில் ஆவதில்லை. முதல் நாள் இரவு வானம் தெளிவாகவும் காற்று அடங்கியும் இருந்தால் மறுநாள் உறைபனிக்கு வாய்ப்பு அதிகம்.

ஜனவரியில் சூரியன் 6.45-ஐ ஒட்டித்தான் எழும். வெயில் பட்ட கொஞ்ச நேரத்தில் உறைபனி நீராகிவிடும். அதாவது இது ஒன்றுக்கு மட்டும் நான் சொன்ன எட்டு மணிக் கணக்கு சரிவராது. ஊருக்குள் ஆள் நடமாட்டம் உள்ள, நாலு பக்கமும் கண்ணுக்குத் தெரியும் வெட்டவெளி என்றால் சம்மதிப்பேன். நன்றாக விடிந்த பிறகு, லீஷோடு, பத்து நிமிடம். நாயின் விரலிடுக்கில் பனி கட்டிக்கொண்டு அது காலைத் தூக்கித் தூக்கி வைத்தால் உடனே நிறுத்திவிட வேண்டும். துண்டு ஒன்று கையோடு இருக்கட்டும்.

கீழேயிருந்து சிப்பிப்பாறை கொண்டு வர்றோம். குளிர் தாங்குமா?

ஒட்டிய ரோமமும் கொழுப்பில்லாத உடம்பும் உள்ள நாய், சமவெளி வெயிலுக்குப் பழகியது. ஊட்டி 2,240 மீட்டர் உயரம். படம் எடுக்கும் நேரம் தவிர மற்ற நேரத்தில் ஸ்வெட்டரோ போர்வையோ போட்டே வைத்திருங்கள். நடுங்கினால் காதும் வாலும் ஒடுங்கி, படத்திலும் அது பயந்த நாயாகத்தான் தெரியும்.

கொண்டை ஊசி வளைவுகளில் நாய்க்கும் வாந்தி வரும். புறப்படுவதற்கு மூன்று நான்கு மணி நேரம் முன்பே சாப்பாட்டை முடித்துவிடுங்கள். வந்து சேர்ந்த அன்றே படம் வேண்டாம், ஒரு ராத்திரி தூங்கி எழட்டும். வெளியூர் வண்டிக்கு இ-பாஸ் வேண்டும்; 2024 மே 7 முதல் நீலகிரிக்கு அது நடைமுறையில் இருக்கிறது. நாய்க்குத் தண்ணீர் கொடுக்கக் கிண்ணமும் எவர்சில்வர் பாட்டிலும் கொண்டுவாருங்கள். ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு இந்த மாவட்டத்தில் தடை.

பூங்கா, பைன் காடு, தொட்டபெட்டா, இங்கெல்லாம் நாயை விடுவாங்களா?

அரசுப் பூங்காக்களையும் வனத்துறை இடங்களையும் கணக்கில் வைக்காமல் திட்டமிடுங்கள். காப்புக்காட்டுக்குள்ளும் முதுமலைப் புலிகள் காப்பகத்துக்குள்ளும் நாயோடு போகவே கூடாது. நம் நாய்க்கு இருக்கும் டிஸ்டெம்பர் போன்ற நோய் செந்நாய்க்குத் தொற்றினால் ஒரு கூட்டமே அழியக்கூடும்.

நான் போகும் இடங்கள் எல்லாம் தெரிந்தவர்களின் தேயிலைத் தோட்டம், தங்கும் விடுதியின் புல்வெளி, ஊர் மைதானம், முக்கியமாக அவரவர் வீட்டு வாசல். நாய்க்குப் பழகிய இடத்தில் அதன் முகமே வேறு. பின்னணிக்காகப் புது இடம் தேடி அலைவதைவிட, நாய் தினமும் மூத்திரம் போகும் அந்தச் சந்துப் பாதையிலேயே நல்ல வெளிச்சம் விழும் நேரத்தைக் கண்டுபிடிப்பது புத்திசாலித்தனம்.

அப்ப லவ்டேல் தண்டவாளம்?

கூடாது. தண்டவாளத்தில் நிற்பது ரயில்வே சட்டப்படி குற்றம், அந்தப் பாதையில் தினமும் ரயில் ஓடுகிறது.

தேயிலைத் தோட்டத்துக்குள்ள இறங்கி எடுக்கலாம்ல?

அனுமதி வாங்கிவிட்டுத்தான். சிறு விவசாயியின் தோட்டமென்றால் அவரிடம், எஸ்டேட் என்றால் மேனேஜரிடம். அவர்களிடம் மறக்காமல் கேட்க வேண்டியது, "மருந்து எப்போ அடிச்சீங்க?" என்பது. நாய் இலையைக் கடிக்கும், பாதத்தை நக்கும். அண்மையில் மருந்து அடித்த பகுதியென்றால் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

கவாத்து செய்த பகுதியையும் தவிர்த்துவிடுங்கள். வெட்டிய கிளை நுனிகள் ஈட்டி மாதிரி நிற்கும், தாண்டிக் குதிக்கும் நாயின் வயிற்றைக் கிழித்துவிடும். வரிசைகளுக்கு நடுவே தண்ணீர் வடிய வெட்டிய கான் இருக்கும். செடி மூடியிருந்தால் தெரியாது, பாட்டி தாத்தாக்களுக்கு அதுதான் ஆபத்து. நடைபாதையிலேயே உட்காரவையுங்கள், படம் அங்கேயே நன்றாக வரும். தோட்ட ஓரத்து ஈரத்தில் வெள்ளையாகப் பூக்கும் காலா லில்லி, வேலியோரம் தலைகீழாகத் தொங்கும் பெரிய ஊமத்தைப் பூ, பங்களா வாசலில் இருக்கும் ஹைட்ரேஞ்சியா மூன்றுமே நாய்க்கு விஷம். படத்தில் அழகாக இருக்கும் என்று மூக்கருகே கொண்டுபோகாதீர்கள்.

மழைக்காலத்துல என்ன பண்றது?

மழை விட்ட அரை மணி நேரத்தில் எடுங்கள். பட்டை கறுத்து, இலை கழுவிவிட்டது போல இருக்கும். நிறம் அத்தனையும் அப்போதுதான் வரும். நனைந்த நாய் உடம்பை உதறுவதை 1/2000-ல் எடுத்துப் பாருங்கள், குழந்தைகள் சிரிக்கிற சிரிப்பும் அதே ஃப்ரேமில் கிடைக்கும்.

அட்டை இருக்கும். உப்பு கொண்டுவாருங்கள். முடிந்ததும் நாயின் விரலிடுக்கு, காது மடல், அக்குள் மூன்றையும் பாருங்கள். உண்ணியும் இந்த இடங்களில்தான் ஏறும்.

என்ன டிரஸ் போடறது?

நாயின் நிறத்துக்கு எதிர் நிறம். கறுப்பு நாய்க்கு மஞ்சள், வெளிர் நீலம். வெள்ளை நாய்க்கு அரக்கு, கரும்பச்சை. பட்டுச் சேலை கட்டுவதானால் நாயின் நகத்தை இரண்டு நாள் முன்பே வெட்டிவிடுங்கள்.

எங்க நாய் கேமராவைப் பார்க்கவே மாட்டேங்குது. என்ன சத்தம் போட்டாலும்

எல்லாரும் ஒரே நேரத்தில் பெயரைக் கூப்பிடுவதுதான் காரணம். நாலு பேர் நாலு பக்கத்திலிருந்து கூப்பிட்டால் அது யாரைப் பார்க்கும்? படம் எடுப்பவர் மட்டும் ஒரு புதுச் சத்தம் போட வேண்டும், அதுவும் ஒரே ஒரு தடவை. காது நிமிரும் அந்த நொடியில் எடுத்துவிட வேண்டும். மூன்றாவது தடவை அதே சத்தத்துக்கு எந்த நாயும் திரும்பாது. பொம்மை காட்டுவதானால் மஞ்சளோ நீலமோ காட்டுங்கள். நாய்க்குச் சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாது, புல்லில் கிடக்கும் சிவப்புப் பந்து அதன் கண்ணில் படாது.

அப்புறம், அது ஏன் கேமராவைப் பார்க்க வேண்டும்? நீங்கள் நாயைப் பாருங்கள், நாய் உங்களைப் பார்க்கும். வருடங்கள் கழித்து வீட்டில் மாட்டிவைத்திருப்பது பெரும்பாலும் அந்தப் படமாகத்தான் இருக்கிறது.

வீட்டுல ஏழு பேரு, ரெண்டு நாய். எல்லாரும் ஷார்ப்பா வரணும்

பின்புறம் மங்கலாக வேண்டும் என்று லென்ஸ் துளையை அகலத் திறந்து எஃப் 1.8-ல் எடுத்தால் நாயின் கண் தெளிவாகவும் மூக்கு மங்கலாகவும் வரும், ஏழு பேரின் கதி கேட்கவே வேண்டாம். துளையைச் சுருக்கி எஃப் 5.6 அல்லது 8-ல் எடுங்கள். பின்புறத்தை மங்கலாக்க, அவர்களைச் சுவரிலிருந்தும் செடியிலிருந்தும் பத்துப் பதினைந்தடி முன்னால் கொண்டுவாருங்கள்.

பெரியவர்கள் நாற்காலியிலோ திண்ணையிலோ உட்காரட்டும், குழந்தைகள் படியில். நாயை எல்லாருக்கும் முன்னால் தரையில் போடாமல், முகங்கள் இருக்கும் அதே வரிசைக்கு ஒரு படி ஏற்றி உட்காரவையுங்கள். மனிதர்களை முதலில் அடுக்கி முடித்து, நாயைக் கடைசியாகக் கொண்டுவாருங்கள். இரண்டு நாய்க்கும் நடுவே ஒரு பெரியவர் இருக்கட்டும்.

கைக்குழந்தையை நாய் மேல சாய்ச்சு ஒரு போட்டோ... எங்க நாய் ஒண்ணும் பண்ணாது

சாய்க்க வேண்டாம். குழந்தை அம்மா மடியில், நாய் பக்கத்தில், நடுவே அப்பாவின் கை. இந்த அமைப்பிலேயே மிக நெருக்கமான படம் கிடைக்கும்.

தூக்கம் வராமல் கொட்டாவி விடுவது, எதுவும் தின்னாமலே உதட்டை நக்குவது, தலையைத் திருப்பிக்கொண்டு கண்ணின் வெள்ளை தெரியப் பார்ப்பது, காதைப் பின்னால் ஒட்டிக்கொள்வது எல்லாம் "போதும், விடு" என்று நாய் சொல்வது. ஒன்றைப் பார்த்தாலும் நிறுத்திவிட்டு நாயைக் கொஞ்சம் நடக்க விடுங்கள். உறுமலை மட்டுமே எச்சரிக்கை என்று எண்ணிக் காத்திருக்காதீர்கள்.

எங்களுது கொஞ்சம் கடிக்கும். பரவாயில்லையா?

முதலிலேயே சொன்னதற்கு நன்றி. தூரத்திலிருந்து நீள லென்ஸில் எடுக்கலாம், வீட்டார் மட்டும் அருகில் இருந்தால் போதும். தடுப்பூசி அட்டையை அனுப்பிவிட்டுத்தான் வர வேண்டும். இது எல்லா நாய்க்கும் பொருந்தும். வெறிநாய்க்கடித் தடுப்பூசி செய்த பாஸ்டியர் நிலையம் 1907-லிருந்து இருக்கும் ஊர் குன்னூர், இங்கே ஊசி போடாத நாய்க்குச் சாக்கே கிடையாது. கடிபட்டால் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு நேரே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், சின்னக் கீறலானாலும்.

அப்பாவுக்கு நாய்னாலே ஆகாது. ஆனா படத்துல அவரும் இருக்கணும்

அவரை நாயைத் தொடச் சொல்லாதீர்கள், சிரிக்கவும் சொல்லாதீர்கள். நாற்காலி போட்டு உட்காரவைத்து, பேரப்பிள்ளையோடு பேசவிடுங்கள். நாய் தானாகப் போய் அவர் செருப்பருகே படுக்கிறதா என்று காத்திருங்கள். பல வீடுகளில் நாய்க்கு ரகசியமாக வர்க்கி பிய்த்துப் போடுவது இந்த அப்பாக்கள்தான், அது நாய்க்குத் தெரியும்.

நாய்க்கு வயசாயிடுச்சுக்கா. டாக்டர் ரொம்ப நாள் தாங்காதுன்னுட்டார். ஜக்கராண்டா பூக்கற வரைக்கும் காத்திருக்கலாமா?

காத்திருக்காதீர்கள். இந்த வாரமே எடுத்துவிடுவோம். மாதம், பூ, வானம் எதுவும் இதற்குப் பொருட்டில்லை. இப்படிப்பட்ட அழைப்புக்கு மற்ற வேலையைத் தள்ளிவைத்துவிட்டு வருவேன்.

நாயை எங்கேயும் கூட்டிப் போக வேண்டாம். அது வழக்கமாகப் படுக்கும் இடத்தில், காலைச் சாப்பாடு முடிந்து கொஞ்சம் தெம்பாக இருக்கும் நேரத்தில் அரை மணி போதும். நரைத்த மூக்கோரம், தேய்ந்த முழங்கை, பாட்டியின் விரலுக்குள் இருக்கும் பாதம் என்று கிட்டக் கிட்ட எடுங்கள். பால் படர்ந்த கண்ணுக்கு நேரெதிர் வெளிச்சம் வேண்டாம், ஜன்னல் பக்கத்து மெல்லிய வெளிச்சம் போதும். கூப்பிட்டால் கேட்காது, நிமிரச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். அழுகை வந்தால் அழுங்கள், நான் கேமராவை இறக்கிவைத்துக் காத்திருப்பேன்.

ஒரே இடத்துல நாலு சீசனும் எடுத்து வரிசையா மாட்டணும். எப்படி?

இடத்தை வீட்டுக்கு எதிரிலேயே தேர்ந்தெடுங்கள், நடந்துபோய்விடக் கூடியதாக. ஜனவரியில் வெளிறிய புல், ஏப்ரலில் பூ, ஜூலையில் காற்றும் மூடுபனியும், அக்டோபரில் பச்சை என்று பின்னணி தானே மாறிக்கொள்ளும். பக்கத்தில் தேயிலை இருந்தால் அந்த வருடம் கவாத்து உண்டா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். பின்னணி ஒரே நாளில் வெறும் குச்சியாகிவிடும்.

மாறாமல் இருக்க வேண்டியவை மூன்று: நீங்கள் நிற்கும் இடம், லென்ஸ், கேமராவின் உயரம். ஒரு கல்லையோ கம்பத்தையோ அடையாளம் வைத்துக்கொண்டு, கேமராவை எப்போதும் உங்கள் முழங்கால் உயரத்தில் பிடியுங்கள். நாய்க்குட்டியாக இருந்தால் ஒவ்வொரு படத்திலும் அதே பிள்ளையின் பக்கத்தில் நிற்கவையுங்கள், இருவரும் வளர்ந்தது அப்போதுதான் தெரியும். முதல் படத்தை மொபைலில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு தடவையும் ஒத்துப் பாருங்கள். வெட்டாத மூலப் படத்தை அழிக்காதீர்கள், நாலாவது படத்துக்குப் பிறகுதான் எல்லாவற்றையும் ஒரே அளவுக்கு வெட்ட முடியும்.